சுவரில் ஓர் அபூர்வப் பூச்சி

விலங்கியல் வாத்தியாரும் மனைவியும் பேச்சை நிறுத்தி நாலு நாளாகிறது. யார் முதலில் வாயைத் திறப்பது என்பதில்தான் வீம்பு. தெருவுக்கே தெரிந்த சங்கதி.

ஐந்தாம் நாள் காலை படுக்கையறையில் அலறல்.

"ஐயோ, எட்டுக்கால் பூச்சி!"

சுவரைப் பார்த்துத்தான் கத்தினாள். அவரைக் கூப்பிட்டதாக ஆகிவிடக் கூடாதே!

சிலந்தி என்றால் சோற்றையும் விட்டுவிட்டு ஓடுகிறவர் அவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அசையவே இல்லையே?"

அப்பாடா, பேசிவிட்டார்!

"உங்களைப் பார்த்துப் பயந்துபோயிருக்கும்," என்றாள் அவசரமாக. "கடிக்குமாங்க?"

"சேச்சே, பரம சாது."

"என்ன வகை?"

சுவரில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். அவள் மெல்ல ஓரடி பின்வாங்கினாள்.

"அபூர்வ வகை. இந்த வீட்ல மட்டும்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு நேராகப் போய், அலமாரியிலிருந்து அவளுடைய புருவப் பென்சிலை எடுத்துவந்தார். பூச்சிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கால் வரைந்தார்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கினால்தானே!

"சமாதானத்துக்கு நீ வரைஞ்சது சரி," என்றார் வாத்தியார். "எட்டுக்கால் பூச்சிக்கு ஆறு காலோட நிறுத்தினா, என் மானம் என்னடி ஆகுறது?"