நாலாவது கம்பி

"இந்த நோட்டுல நீங்க எழுதினதெல்லாம் நிஜந்தானா சார்?" என்று வயலின் டீச்சர் கேட்டதும் அவருக்குச் சுருக்கென்றது.

நிஜந்தானாவாம்!

இரண்டு வருஷம். தினமும் அரை மணி நேரம். காய்ச்சலில் படுத்த நாளில்கூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வாசித்து முடித்த பிறகுதான் நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

சேர்ந்த அன்றே டீச்சர் பெற்றவர்களையெல்லாம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். முதல் வருஷம் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரிதான் இருக்கும். முகம் சுளிக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். என்ன கேட்டதோ அதை நோட்டில் எழுதுங்கள்.

மற்றவர்கள் ஒரே மாதத்தில் கைகழுவிவிட்டார்கள். ஒருத்தர் பையனை வயலினும் கையுமாக மொட்டை மாடிக்கு விரட்டினார். ஓர் அம்மா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சமைத்தாளாம்.

இவர் அசையவில்லை. பதினெட்டு வருஷமாகத் தகடு வெட்டும் மெஷினோடு மாரடிக்கிற ஆளுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா?

வகுப்புக்கு வருகிற அம்மாக்கள் இவரைக் காட்டிக் காட்டியே தங்கள் வீட்டுக்காரர்களை இடித்தார்கள். எதிரில் பேசுகிறவர் முகத்தையே பார்த்துக் கேட்பார். மரியாதைக்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருமே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்டவரின் மகள் பெயர், இந்த வருஷம் மேடையில் வாசிக்கப்போகிற பிள்ளைகளின் பட்டியலில் இல்லை.

பட்டறை முழுக்கத் தண்டோரா போட்டிருந்தார். முதலாளியைக்கூட அழைத்தாயிற்று. இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது? அதுகூடக் கிடக்கட்டும். பட்டியலைப் பார்த்ததும் பத்து வயசுப் பிள்ளை வயலின் பெட்டியைத் துடைத்து மூடிவைத்ததே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வேலைக்கு அரை நாள் மட்டம் போட்டுவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"மூணு கம்பியில அருமையா வாசிக்கிறா. நாலாவது கம்பிக்கு வந்தா விரல் தடுமாறுது. எட்டு மாசமா வீட்டுல அதைத் தொட்ட மாதிரியே தெரியல" என்றார் டீச்சர்.

தடித்த கம்பியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் நாலாவது கம்பி, இருப்பதிலேயே மெல்லியது. உச்சத்தில் வருகிற சுரமெல்லாம் அதில்தான். அதைத் தொடாமல் மேடையில் எந்தப் பாட்டை வாசிப்பது?

அவருக்குக் கோபம் மகள் மேல் திரும்பியது. முன்பும் இவள் இப்படித்தான். வில் அதுபாட்டுக்கு மேலும் கீழும் போகும், சத்தம் மட்டும் நடுவில் நின்றுவிடும். கொஞ்சம் கழித்துத் திரும்ப வரும். "இடையிடையே நின்றுபோகிறது, கவனம் தேவை" என்று எத்தனையோ நாள் நோட்டில் எழுதியிருக்கிறார்.

கடைசியில் ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்தியேவிட்டார். யாரை ஏமாற்ற இப்படிச் சும்மா இழுக்கிறாய் என்று. மகள் வில்லை இறக்கிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. கணீரென்று வாசித்தாள். "ஒரே அதட்டல்தான், வழிக்கு வந்துட்டா" என்று பட்டறையில் பீற்றிக்கொண்டார்.

அது நடந்து எட்டு மாதம் இருக்கும்.

"ஏன் பாப்பா? நான் பக்கத்துல உக்காந்திருக்கும்போதே டபாய்ச்சியா?"

மகள் டீச்சரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். சட்டை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அப்பாவுக்கு அந்தக் கம்பி கேக்காது டீச்சர்."

அவர் சிரித்தார். என்ன உளறுகிறது இந்தப் பிள்ளை! டீச்சரும் சிரிப்பார் என்று எதிர்பார்த்து நிமிர்ந்தார். டீச்சர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து, பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவர் எழுதியதையெல்லாம் படித்தார்.

பிறகு, நாலாவது கம்பியில் மட்டும் ஒரு பாட்டு வாசிக்கும்படி மகளிடம் சொன்னார்.

மகள் வயலினைத் தோளில் வைத்தாள். வில் ஏறியது, இறங்கியது. விரல்கள் தடுமாறித் தடுமாறி ஓடின. பக்கத்து அறையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆயா வாசலுக்கு வந்து நின்றாள்.

அவருக்கு மின்விசிறி ஓடுவது கேட்டது. தெருவில் ஒரு லாரி போவது கேட்டது.

வேறெங்கோ கவனம் போகிறது, அதனால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, கண்ணை இறுக மூடினார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இந்தப் பிள்ளை எட்டு மாதமாக, அப்பாவுக்குக் கேட்கிறதை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி வாசித்திருக்கிறது. அதற்கு மேடையையே விட்டுக்கொடுத்திருக்கிறது. ஒரே ஒரு சுரம், ஒரு கீற்றாவது காதில் விழுந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

ஒன்றும் விழவில்லை.

"கேக்குதே பாப்பா! ரொம்ப நல்லாக் கேக்குது" என்றார், மூடிய கண்ணோடு தலையை ஆட்டி ஆட்டி. "இனிமே வீட்லயும் இதையே வாசி. நிறுத்தாம வாசி."

கண்ணைத் திறந்தார்.

வயலின் பெட்டிக்குள் இருந்தது. ஆயா போய்விட்டிருந்தாள்.

மகள் அவர் முன்னால் வந்து நின்று, அவர் பார்க்கும்படி முகத்தை நிமிர்த்திக்கொண்டு, "சரிப்பா" என்றாள்.