காபி டப்பாவில் கடைசிச் சீட்டு

“ஏம்மா லவோன், என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை நீ இழுத்துக்கறதுக்கு நானே வந்து குலுக்கல் எடுத்துக் குடுக்கணுமா?”

ஊர் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் டோலிஃப்சன் எரிந்து விழுந்தார்.

லவோனுக்குத் தலையை வலித்தது. மூடிக் கிடந்த மளிகைக் கடையில், பெற்றோர்களைச் சேர்த்துக்கொண்டு அவள் தொடங்கிய சார்ட்டர் பள்ளி இது: அரசுப் பணம், தனி நிர்வாகம், வருடத்துக்கு இருபது இடம்; அதற்கு மேல் பேர் வந்தால் குலுக்கல். ஒன்பது வருடமாக இவரிடம் இதே வசவு.

“நான் என்ன சார் பண்றது? யாரோட சொந்தக்காரப் பிள்ளை பேரு டப்பாவுல இருக்கோ, அவங்க சீட்டு எடுக்கக் கூடாதுன்னு விதி. இந்த ஊர்ல இங்க பேர் குடுக்காத வீடு உங்க வீடு ஒண்ணுதான்.”

“குடுப்போமா? இதெல்லாம் ஒரு பள்ளிக்கூடமா?”

முணுமுணுத்துக்கொண்டே, பெற்றோர்கள் எழுதி மடித்துக் காபி டப்பாவில் போட்டிருந்த சீட்டுகளில் பத்தொன்பதை எடுத்து வாசித்தார். இருபதாவதைப் பிரித்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“படிங்க சார், கடைசி இடம். எல்லாரும் காத்துட்டிருக்காங்க!”

“இங்க்ரிட் டோலிஃப்சன்,” என்றார் ஈனஸ்வரத்தில்.

பின்வரிசையில் அவருடைய மருமகள் குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினாள்.

“உங்க பேத்தியா!” லவோன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அப்போ இந்தக் குலுக்கலே செல்லாது. எல்லாச் சீட்டையும் திரும்ப டப்பாவுல போடுங்க. இனிமே வேற ஆளுக்கு நான் எங்க போவேன்?”

டோலிஃப்சன் அந்த ஒரு சீட்டை மட்டும் கைக்குள் பொத்திக்கொண்டார்.

“ஏம்மா...” ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அவர் குரல் தணிந்தது. “கண்டிப்பா செல்லாதுன்னுதான் சொல்லணுமா?”