வெர்லினுக்குப் பிடித்த இருபது

பசை டப்பா தேடி அலமாரியைத் திறந்தாள் கோரின். கிடைத்தது வேறு.

முப்பது நாற்பது இசைத்தட்டுகள். எல்லாம் இந்த 1986-ல் வந்தவை. பாட்டுக் கம்பெனிகள் பத்திரிகைக்கு இலவசமாக அனுப்பியவை. ஒன்றின் மேல்கூடக் கண்ணாடிக் காகிதம் பிரிக்கப்படவில்லை.

அது வெர்லின் ஸ்டாம்பரின் அலமாரி. கெண்டக்கி மலைப்பக்கத்து அந்தச் சின்ன ஊரின் வாரப் பத்திரிகையில் இருபது வருஷமாகப் பாட்டுப் பகுதி எழுதுகிறவர். வருஷக் கடைசியில் ‘எனக்குப் பிடித்த இருபது’ என்று பாப், கன்ட்ரி பாட்டுகளை வரிசைப்படுத்துவார். ஊரே அதைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைக்கும்.

போன வாரம்கூட எழுதியிருந்தார்: ‘ஒவ்வொரு பாட்டையும் மூன்று தடவை கேட்டுவிட்டேன். பட்டியல் தயாராகிறது.’

மூன்று தடவையா! பிரிக்காமலே கேட்பது எப்படி?

லூயிவில் நகரத்திலிருந்து இந்தப் பத்திரிகைக்கு ஆசிரியையாக அவள் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஆனாலும் அந்த மனிதர் மேல் கோரினுக்கு முதல் வாரத்திலேயே சந்தேகம். மேசையில் போன் அலறினால் எடுக்க மாட்டார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். எதுவானாலும் எழுதி மேசையில் வையுங்கள் என்பார். பெரிய எழுத்தாளர் என்ற தலைக்கனம் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது புரட்டும் சேர்ந்துகொண்டது.

அச்சுக்கோக்கும் லெஸ்டரிடம் விசாரித்தாள்.

அவர் கண்ணைப் பார்க்காமல் பதில் சொன்னார். “மிஸ் கோரின், வேற எதுல வேணும்னாலும் கை வைங்க. வெர்லின் பட்டியலை மட்டும் விட்டுடுங்க.”

“ஏன், அதுல என்ன ரகசியம்?”

“ரகசியம் ஒண்ணும் இல்லை,” என்று அவர் சொன்ன அவசரத்திலேயே இருக்கிறது என்று தெரிந்தது. கூட்டுக் களவாணிகள் என்று முடிவு கட்டினாள் கோரின்.

வெர்லினையே நேராகக் கேட்டாள். இந்த வருஷம் எது முதலிடம் என்று சாதாரணமாக ஆரம்பித்து, அந்தப் பாட்டு எப்படி இருக்கும், கொஞ்சம் முனகிக் காட்டுங்களேன் என்றாள். அவர் முகம் சிவந்தது. தொண்டை சரியில்லை என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தினமும் மதியம் அவர் போகும் இடம் எல்லாருக்கும் தெரியும். கடைத்தெருவில் எர்லீன் நடத்தும் சாப்பாட்டுக்கடை. கோரின் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் எதிர்வரிசையில் நிறுத்தினாள். மடியில் ஓர் உறை. உள்ளே அவரை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம், கையெழுத்துப் போட்டுத் தயாராக.

ஜன்னல் கண்ணாடி வழியே எல்லாம் தெரிந்தது. வெர்லின் மூலை மேசையில், பீன்ஸும் சோள ரொட்டியும் ஆறிக்கொண்டிருக்க, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். எர்லீன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு போய், காசு போட்டால் பாடும் பாட்டுப்பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினாள். பெட்டியில் கலர் விளக்குகள் ஓடின. முடிவெட்டும் கடைக்காரர் தலையாட்டினார். தபால்காரர் மேசையில் தாளம் போட்டார். தீவனக் கடை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெர்லின் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். குனிந்து எழுதினார். மறுபடி பார்த்தார்.

கோரினுக்கு விளங்கிவிட்டது. தன் ரசனையே இல்லை. அடுத்தவன் முகத்தைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டு ‘எனக்குப் பிடித்த’ என்று தலைப்புப் போடுகிறார்! இத்தனை பேர் முன்னால் கேட்டால்தான் புத்தி வரும் என்று உறையோடு இறங்கி, தெருவைக் கடந்து, கதவைத் தள்ளினாள்.

உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

பாட்டே இல்லை.

பெட்டியில் விளக்குகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. சத்தம் என்று பார்த்தால் அடுப்பில் காபி கொதிப்பதும், பலகைத் தரையில் பத்துப் பன்னிரண்டு பூட்ஸ் கால்கள் ஒன்றாகத் தட்டுவதும்தான். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. தீவனக் கடை அம்மாள் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள்.

எர்லீன் விறுவிறுவென்று வந்து, வெர்லினுக்கு முதுகு காட்டி, கோரினை மறைத்தாற்போல் நின்றாள்.

“பெட்டி திங்கட்கிழமையே ஊமையாயிடுச்சு கண்ணு. ரிப்பேர்காரர் புது வருஷம் பொறந்துதான் வருவாராம்.”

“அப்புறம் எதுக்கு இவங்க எல்லாரும்...”

“வெர்லினுக்குக் காது போயி ரெண்டு வருஷம் ஆச்சு. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிஞ்சுக்கிறாரு. எங்க யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு, பாவம். பாட்டு ஓடும்போது எங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் எழுதுறாரு. ரெண்டு வருஷமா பட்டியல்ல ஒரு பாட்டுகூடத் தப்பான இடத்துல வந்ததில்லை, தெரியுமா? எங்களுக்கு எது உசுரோ அதுதான் முதல்ல வரும். நாளைக்குப் பட்டியல் குடுக்கணும்னு நீங்கதானே கெடு வெச்சீங்க. இன்னும் ஆறு பாட்டு பாக்கி. எங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே, அதான் மனசுக்குள்ளயே பாடிக்கிட்டு...”

கோரின் எர்லீனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மூலை மேசையில் வெர்லின் நிமிர்ந்து, பயந்த கண்களோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எர்லீன் ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“உங்களையும் பார்க்கிறாரு கண்ணு. உறையைக் கைப்பைக்குள்ள வெச்சுட்டு உக்காருங்க. உக்காந்து, காலைத் தட்டுங்க.”