பெயர் போடாத கடிதம்

"எழுதுனவன் யாருன்னு தெரியுமா?" ஷெர்லி கேட்டாள்.

பிரேம்சிங் கண்ணை மூடிக்கொண்டான். கரிவலம்வந்தநல்லூர் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு அவள் சங்கரன்கோவில் வீட்டுக்கு வந்தபோது, கணவன் பெங்களூரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து கட்டிலில் கிடந்தான்.

ஆறு வருடமாக அவன் அங்கே ஒரு புரொபசரிடம் ஆராய்ச்சியாளனாக, கணினிக்குள் தண்ணீர் செய்துகொண்டிருந்தான். ஒரு தண்ணீர் மூலக்கூறின் பக்கத்தில் இன்னொன்று வந்தால் அதன் மின்னூட்டம் லேசாகச் சாயும். அந்தச் சாய்வையும் கணக்கில் எடுக்கும் கணினி மாதிரி அவனுடையது. பூஜ்யம் டிகிரியில் அசல் தண்ணீரைப் போலவே உறைந்தது. ஆய்வுப் பத்திரிகையில் கட்டுரை வெளிவந்ததும் திருநெல்வேலிக் கல்லூரி ஒன்று வேலை தருவதாகச் சொன்னது. அப்பாவை லீவுக்கு மட்டுமே பார்த்து வளர்ந்த நாலு வயது ஜாய்லின், அப்பா இனி பக்கத்திலேயே இருப்பார் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

இப்போது யாரோ பத்திரிகைக்குப் பெயர் போடாமல் எழுதிவிட்டார்கள். மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் விசை, கணினி நிரலில் தவறாக இரண்டு முறை சேர்ந்திருக்கிறதாம். திருத்தி ஓட்டினால் மைனஸ் நாற்பதிலும் உறையவில்லை. பத்திரிகை விளக்கம் கேட்டது. கல்லூரி, முடிவு தெரியட்டும் என்று நிறுத்திவைத்தது.

"தப்பு நெசந்தானா?"

"நெசந்தான். நான் எழுதுன வரிதான். புரொபசருக்கும் தெரியும். வாய மூடிட்டு இருன்னுட்டாரு."

"அத்தன பேரு படிச்சும் யாரும் ஒண்ணும் சொல்லலியே. இவனுக்கு மட்டும் என்ன வந்துச்சி? நல்லா இருப்பானா?"

"அவனத் திட்டாத, ஷெர்லி."

"உங்க வாழ்க்கையில மண்ணப் போட்டவனுக்குப் பரிஞ்சு பேசுதீங்களே."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

பத்திரிகை அனுப்பிய நகல் மேசைமேல் கிடந்தது. கடிதத்தின் அடியில் ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்தது. ஷெர்லி அவனிடம் கேட்கவில்லை. நின்றபடியே தன் போனில் தட்டச்சு செய்தாள். தனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது, கணவர் இந்த நிலையில் என்ன செய்துகொள்வாரோ என்று பயமாக இருக்கிறது, தெரியாமல் எழுதிவிட்டேன் என்று ஒரு வரி பத்திரிகைக்கு அனுப்பினால் போதும் என்று கெஞ்சினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பினாள்.

பிரேம்சிங்கின் தலைமாட்டில் கிடந்த போன் அதிர்ந்தது.

அதன் திரையில் அவள் எழுதிய முதல் வரி தெரிந்தது: 'ஐயா, எங்க குடும்பத்தக் காப்பாத்துங்க.'