பஸ்ஸை விட்டு இறங்கிய நாள்

"பஸ்ஸை யார் பார்த்துக்கிறது டீச்சர்? நான் இறங்க முடியாது," என்றார் லாயிட்.

இருபத்தாறு வருஷமாக அவர் சொல்லிவரும் பதில்தான். வருஷம் தவறாமல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை மகோஷிகா பூங்காவுக்கு ஏற்றிவருவார். அவர்கள் குன்றேறி டைனோசர் எலும்புகளைப் பார்த்துவிட்டுக் கூச்சலும் குதியுமாகத் திரும்புவார்கள். டிரைவர் பஸ்ஸைவிட்டு நகரக்கூடாது. லாயிட் இருக்கையிலேயே சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு, எதிரே தெரியும் மேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது.

இன்று மார்னி டீச்சர் விடுவதாக இல்லை. பூங்காக் காவலர் ஒருவர் பஸ் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்த வாரம் ரிட்டயர் ஆகப்போறீங்க. இன்னும் என்ன சாக்கு?" என்று டீச்சர் கேட்டதும், லாயிட் கூச்சத்தோடு இறங்கினார்.

களிமண் பாதை வழுக்கியது. ஹேஸல் என்ற சிறுமி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓரத்துல காலை வைக்காதீங்க மிஸ்டர் லாயிட், உதிரும்."

மேட்டைத் தாண்டியதும் லாயிட் தொப்பியைக் கழற்றிவிட்டார். சாம்பலும் சிவப்புமாக வரி வரியாய்க் குன்றுகள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை. இன்னும் கொஞ்சம் ஏறியதும், பாறையில் வரிசையாகத் துருத்திக்கொண்டிருந்த முதுகெலும்பைப் பிள்ளைகள் போட்டி போட்டுக் காட்டினார்கள். அவர் முழங்கால் வலியை மறந்து மண்டியிட்டார். கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு நாளா இது இங்கேயா இருந்துச்சு?"

"ஆறரைக் கோடி வருஷமா இங்கதான் இருக்கு," என்றாள் ஹேஸல்.

லாயிட் வாய்விட்டுச் சிரித்தார். இறங்கும்போது எல்லோருக்கும் முன்னால் அவர்தான் நடந்தார்.

பஸ்ஸில் ஏறியதும் டீச்சரிடம் மெதுவாகச் சொன்னார்: "போன மாசம் நான் காய்ச்சல்ல படுத்ததால பசங்க டூர் தள்ளிப்போச்சேன்னு வருத்தமா இருந்துச்சு. எப்படியோ கூட்டிட்டு வந்துட்டோம்."

"தள்ளியெல்லாம் போகல. போன மாசமே வேற டிரைவரோட வந்து பார்த்துட்டாங்க," என்ற மார்னி டீச்சர், ஒரு தாளை அவரிடம் நீட்டினார்.

பள்ளியின் சுற்றுலா அனுமதிப் படிவம் அது. 'சுற்றுலா செல்லும் மாணவர்' என்ற இடத்தில் 'லாயிட்' என்றும், 'துணைக்குச் செல்வோர்' என்ற இடத்தில் 'நான்காம் வகுப்பு, இருபத்திரண்டு பேர்' என்றும் பிள்ளைக் கையெழுத்தில் எழுதியிருந்தது. பெற்றோர் கையொப்பமிடும் இடத்தில் அவர் மனைவி வெர்னா கையெழுத்துப் போட்டிருந்தாள்.