கண்ணாடியில் தெரியும் திரை

சலூன் நாற்காலியில் பஸ் டிரைவர் உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருக்கிறது. போன வாரம்தான் வெட்டிய தலை. சலூன்காரர் கத்தரியைக் காதோரமாகக் காற்றில் சடக் சடக்கென்று அசைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு முடிகூட விழவில்லை. எதிர்க் கண்ணாடியில் பின்னறையின் பச்சைத் திரை தெரிகிறது. வாரத்தில் ஒருநாள் மனநல டாக்டர் அங்கே வந்து உட்காருகிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள். முடி வெட்டப் போகிறவனை யார் கேட்கப்போகிறார்கள்? ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வெடவெடக்கிறது என்று வீட்டில்கூட டிரைவர் மூச்சு விடவில்லை. கண் திரைக்கும் வாசலுக்குமாக அலைபாய்கிறது. "உள்ள போறீங்களாண்ணே?" என்கிறார் சலூன்காரர். "இன்னும் கொஞ்சம் வெட்டுப்பா." "இனிமே வெட்டினா காதைத்தான் வெட்டணும்."

திரை விலகுகிறது. கைக்குட்டையால் முகத்தை அழுந்தத் துடைத்தபடி வெளியே வருகிறவன், அவருடைய பஸ்ஸின் கண்டக்டர். நாளெல்லாம் பயணிகளைச் சிரிக்கவைத்துக்கொண்டே டிக்கெட் கிழிக்கிறவன். கண்ணாடிக்குள் இருவர் பார்வையும் முட்டிக்கொள்கிறது. கத்தரி ஓசை நின்றுவிடுகிறது. கண்டக்டர் திரையை விட்டுவிடாமல் ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ் படியில் நின்று தினமும் சொல்கிற அதே சொல்லை மெதுவாகச் சொல்கிறான். "போலாம் ரைட்ணே."

அந்தக் குரல் கேட்ட பிறகு பஸ்ஸை நிறுத்திவைத்துப் பழக்கமில்லாத டிரைவர், கழுத்துத் துணியோடே எழுந்துவிடுகிறார்.