வெரோனிகா கேட்ட சிவப்பு

“என்னப்பா இது, சிவப்பு அழுது வழியுது! இதைக் கட்டிக்கிட்டு என் பொண்ணு எப்படி ரிசப்ஷன்ல நிப்பா?” வெரோனிகா சேலையைத் தள்ளிவிட்டார்.

கடை முதலாளி ரிச்சர்ட், டிசைனர் கவிநிலாவைப் பார்த்தார். “ஓவியம் படிச்ச பொண்ணுன்னு சேர்த்தேன். இது சரியாகலன்னா நாளையோட நீ நின்னுக்கோம்மா.”

“காலையில வாங்க ஆன்ட்டி” என்றாள் கவிநிலா.

மறுநாள் சேலையைப் பிரித்ததும் வெரோனிகாவின் முகம் மலர்ந்தது. “இதான் சிவப்பு! பாரிஸ்லேர்ந்து சாயம் வரவழைச்சியாடி? இந்தப் பச்சை பார்டரும் நல்லாத்தான் இருக்கு.” சேலையை அணைத்தபடி கிளம்பினார்.

“நேத்து சாயப்பட்டறை லீவாச்சே, எங்க போய் சாயம் போட்ட?” என்றார் ரிச்சர்ட்.

“சிவப்பை நான் தொடவே இல்ல சார். ஆரஞ்சு பார்டரைப் பிரிச்சுட்டுப் பச்சை வெச்சுத் தைச்சேன். ஆரஞ்சு பக்கத்துல சிவப்பு மங்கித் தெரியும். பச்சை பக்கத்துல அதே சிவப்பு எடுப்பாத் தெரியும். ஓவியத்துல இது மொத வருஷப் பாடம்.”

அவள் பிரித்துப்போட்ட ஆரஞ்சு பார்டரை ரிச்சர்ட் எடுத்து, அலமாரியில் இருந்த சிவப்புத் துணியின் மேல் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

“பாவம், இந்த ஆரஞ்சுக்கும் பக்கத்துல எதை வெச்சா நல்லா இருக்கும்? நாளைக்கு வந்ததும் சொல்லும்மா.”